தொழிலாளியாக இருந்து சட்டமன்றம் சென்றவரின் அரசியல் வாழ்வை எழுதுவது எப்படி?

ஆலைத் தொழிலாளியாகவோ, ரயில்வே பணிமனை ஊழியராகவோ, விவசாயக் கூலியாகவோ வாழ்க்கையைத் தொடங்கிப் பின்னாளில் சட்டமன்ற உறுப்பினரான ஒருவர் மறைந்தால், மறுநாள் வரும் இரங்கல் செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். வாடகை வீட்டில் குடியிருந்தார், அரசுப் பேருந்தில் போய்வந்தார், கடைசிவரை எளிமையாக வாழ்ந்தார் என்பதோடு அவை முடிந்துவிடும். உயிரோடு இருப்பவர்களுக்கும் இதே கதிதான். 2021-இல் திருத்துறைப்பூண்டியில் வென்ற க. மாரிமுத்துவைப் பற்றி வந்த செய்திகளில் அவரது கூரை வீடே முன்னால் நின்றது. 2022-இல் கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயரான க. சரவணனைப் பற்றிய செய்திகளில் அவர் ஓட்டிய ஆட்டோ முன்னால் நின்றது. கூரையும் ஆட்டோவும் உண்மைதான். ஆனால் சட்டமன்றத்தில் எதைப் பேசினார், எந்த மானியக் கோரிக்கையில் (ஒரு துறையின் செலவுக்கு அரசு அவையிடம் பணம் கேட்பது) எதை வெட்டச் சொன்னார், எந்தக் கோரிக்கையைப் பத்து ஆண்டுகள் விடாமல் சுமந்தார் என்பதெல்லாம் அந்தச் செய்திகளில் இடம்பெறுவதே இல்லை. ஒரு மனிதரின் முப்பது ஆண்டு உழைப்பை அவருடைய வறுமையாகச் சுருக்கி எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் தாத்தாவைப் பற்றியோ, உங்கள் சங்கத்தின் பழைய தலைவரைப் பற்றியோ, உங்கள் ஊரின் முன்னாள் உறுப்பினரைப் பற்றியோ எழுத நினைக்கிறவர்களுக்காகவே இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முதலில் தொழில், பிறகுதான் அரசியல்

அவர் எந்த ஆலையில் இருந்தார் என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. பெரம்பூரின் பக்கிங்காம் அண்டு கர்னாடிக் ஆலையா, மதுரை ஹார்வி ஆலையா, கோவையின் பஞ்சாலையா, பொன்மலை ரயில்வே பணிமனையா என்பது முதல் கேள்வி மட்டுமே. அதற்குள் எந்தப் பகுதி, எந்த ஷிப்ட், நிரந்தரத் தொழிலாளியா பதிலியா, மாதச் சம்பளமா, செய்த வேலையின் அளவுக்குக் கூலி தரும் பீஸ் ரேட்டா, அவரை வேலையில் சேர்த்துவிட்ட மேஸ்திரி யார் என்பதெல்லாம் தெரிந்தால்தான் அவருடைய அரசியல் புரியும். பதிலித் தொழிலாளி ஒவ்வொரு நாளும் காலையில் வாசலில் நின்று, இன்று வேலை உண்டா இல்லையா என்று மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க வேண்டியவர். அவர் ஆலை வாசலில் சங்கம் நடத்தும் வாயிற்கூட்டத்தில் எழுந்து பேசினால், மறுநாள் அடுப்பு எரியுமா என்பதையே பணயம் வைக்கிறார் என்று பொருள். ஸ்பின்னிங் பகுதியில் நடந்துகொண்டே வேலை செய்கிறவருக்குப் பலரோடு பழக வாய்ப்பு உண்டு. தறியை விட்டு நகர முடியாதவருக்கு அது குறைவு. பின்னாளில் வார்டு தேர்தலில் அவருக்கு வாக்குகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கான விடை இந்த நடைபாதைகளில் கிடைத்துவிடுவதும் உண்டு.

அடுத்தது சங்கம். இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் கடைப்பிடிக்க வேண்டும். தொழிலாளர் தலைவர் என்பதும் தொழிலாளி என்பதும் ஒன்றல்ல. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது முன்னின்ற பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோர் ஆலைக்கு வெளியே இருந்து வந்தவர்கள். 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பெற்ற வி.வி. கிரி வழக்கறிஞர். அவர்களுடைய பங்கு மிகப் பெரியது. ஆயினும் தறியிலிருந்து எழுந்து வந்தவரின் பாதை வேறு. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகிகளில் குறைந்தது பாதிப் பேர் அந்தத் தொழிலில் வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டும் என்று முதலில் விதித்திருந்தது. தலைவர் பதவியில் ஒரு வழக்கறிஞர் அமர்ந்தாலும், துணைச் செயலாளர், பொருளாளர் போன்ற இடங்களில் ஆலைத் தொழிலாளர்கள் வந்து சேர்ந்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம். உங்கள் நாயகர் எந்த ஆண்டில் எந்தப் பொறுப்புக்கு வந்தார் என்பதைச் சங்கம் பதிவாளருக்கு அனுப்பிய ஆண்டறிக்கையின் நகலிலும், கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைக்கும் மினிட் புத்தகத்திலும் தேடுங்கள்.

மினிட் புத்தகம் கையில் கிடைத்தால், தீர்மானங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். நான் ஒருமுறை புரட்டிய பழைய மினிட் புத்தகம் ஒன்றில், ஆண்டு முழுவதும் ஒருவருடைய பெயர் கடைசிக் கையெழுத்தாகவே இருந்தது; எழுத்துக்கூட்டிப் போட்ட, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும் கையெழுத்து. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பெயர் மூன்றாவதாக வந்தது. எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. அதற்கு அடுத்த ஆண்டு மினிட்டையே அவர்தான் எழுதியிருந்தார். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோன ஒரு மனிதர் சங்கத்தில் படிக்கக் கற்றார் என்பதை வேறு எந்த ஆவணமும் எனக்கு அவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. சந்தாப் பட்டியல், ஒப்பந்த நகல்கள், பணிநீக்க உத்தரவு, நிர்வாகத்தின் குற்றச்சாட்டுக் கடிதமான சார்ஜ் ஷீட்டுக்கு அவர் கொடுத்த பதில் ஆகியவையும் இதே அளவு பேசும். 1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டத்தின்படி சமரச அதிகாரி முன்னிலையில் கையெழுத்தான 12(3) ஒப்பந்தமா, இரு தரப்பும் நேரடியாகப் போட்ட 18(1) ஒப்பந்தமா என்பதைப் பாருங்கள். முன்னதில் வரும் கையெழுத்து, அந்த ஆலையின் தொழிலாளர் அனைவரையும் கட்டுப்படுத்துவது. பின்னது, கையெழுத்திட்ட தரப்பினரை மட்டும். எந்த ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட மறுத்தார் என்பது சில சமயம் அவர் கையெழுத்திட்டதைவிட முக்கியமான செய்தி.

இடம் கிடைத்தது எப்படி, வாக்கு விழுந்தது எப்படி

தேர்தல் எண்களை எழுதும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். அந்தந்தக் காலத்தின் விதி தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்து எழுதினால் பொருளே மாறிப்போகும்.

1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் தொழிலாளருக்கென்று 6 இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டிருந்தன. 1937-இல் ஒருவர் அந்த வழியாக வந்தாரா, பொதுத் தொகுதியில் வந்தாரா என்பது பெரிய வேறுபாடு. ஏனென்றால் சொத்தோ கல்வியோ போன்ற தகுதி இல்லாத பெரும்பாலான தொழிலாளருக்குப் பொதுத் தொகுதியில் அன்று வாக்கே இல்லை. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையோடு நடந்த 1952 தேர்தல்தான் நிலைமையைப் புரட்டிப்போட்டது. சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152 மட்டுமே கிடைத்தன. கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களைப் பிடித்தது. சிறையில் இருந்தபடியே பி. ராமமூர்த்தி மதுரை வடக்கில் வென்றதும், வண்ணாரப்பேட்டையில் ப. ஜீவானந்தம் வென்றதும் அந்தத் தேர்தலில்தான். அன்று வாக்குச் சீட்டில் முத்திரை குத்தும் முறை இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி குடும்பங்களுக்குச் சின்னத்தை மனதில் பதியவைக்க வேட்பாளர் என்னென்ன செய்தார் என்று முதியவர்களிடம் கேளுங்கள். அந்தப் பதில்கள் உங்கள் நூலுக்கு உயிர் கொடுக்கும்.

1952, 1957 ஆகிய தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரே தொகுதியில் பொது உறுப்பினர் ஒருவரும் தாழ்த்தப்பட்டோருக்கான உறுப்பினர் ஒருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை ஒழித்தது. ஆகவே இரண்டாம் இடத்தில் இருப்பவரைத் தோற்றவர் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். அதேபோல 1957 தேர்தல் அறிக்கையில் உங்கள் நாயகர் சுயேச்சை என்று அச்சாகியிருந்தால், அவர் உண்மையில் திராவிட முன்னேற்றக் கழகத்தவராக இருக்கலாம். கழகம் முதன்முதலில் போட்டியிட்டு 15 இடங்களை வென்ற அந்தத் தேர்தலில் அதற்கு இன்னும் தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் கிடைத்திருக்கவில்லை. தொகுதியின் பெயரையும் நம்பிவிட முடியாது. பெயர் அப்படியே இருக்க, ஊர்கள் உள்ளே வந்தும் வெளியே போயும் இருக்கும். தொகுதி எல்லைகளை மாற்றிய 2008 மறுவரையறைக்குப் பிறகு நடந்த 2011 தேர்தலின் எண்களை அதற்கு முந்தைய எண்களோடு நேராக ஒப்பிட்டு, செல்வாக்கு சரிந்தது, வளர்ந்தது என்று முடிவு கட்டுவது தவறு.

டெபாசிட் தொகையையும் வெறும் எண்ணாக எழுதிவிட்டுப் போக வேண்டாம். சட்டமன்றப் பொதுத் தொகுதிக்கு அது தொடக்கத்தில் 250 ரூபாய். 1996-இல் 5,000 ஆகி, பின்னர் 10,000 ஆனது. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. அவர் நின்ற ஆண்டின் ஊதிய ஒப்பந்தத்தை எடுத்து, அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, இந்தத் தொகை எத்தனை நாள் உழைப்பு என்று கணக்கிடுங்கள். பிறகு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். வாயிற்கூட்டத்தில் துண்டு ஏந்தி வசூலித்ததா, சங்க நிதியா, மனைவியின் தாலிக்கொடியா? செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தத் தொகை திரும்பாது. ஒரு தோல்வி அவரது வீட்டில் என்ன செய்தது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

அவைக் குறிப்பை வாசிக்கும் முறை

முழு வேலையிலும் அதிக நேரத்தைக் கேட்பது இதுதான். நான் இங்கேதான் உங்களை நிறுத்திவைக்க விரும்புகிறேன். சட்டமன்றப் பேரவையின் நடவடிக்கைக் குறிப்புகள் சொல்லுக்குச் சொல் அச்சாகியுள்ளன. பேரவை நூலகம், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம் போன்ற இடங்களில் தேடலைத் தொடங்கலாம். காப்பகத்துக்குப் போகும்முன் ஆய்வாளர் அனுமதிக்கான நடைமுறையை முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் முழுவதும் விண்ணப்பத்திலேயே போய்விடும்.

பொருளடைவில் அவரது பெயரைப் பார்த்து, அந்தப் பக்கங்களை மட்டும் படித்தால் போதாது. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு அட்டை போடுங்கள். நாள், எந்த விவாதம், எத்தனை பக்கம், எந்த ஊர்களின் பெயர்களைச் சொன்னார், என்ன எண்களை எடுத்துவைத்தார், யார் குறுக்கிட்டார்கள், பேரவைத் தலைவர் எப்போது மணி அடித்தார், அமைச்சர் பதிலுரையில் இவருக்கு விடை சொன்னாரா இல்லையா என்று அதில் எழுதுங்கள். ஐம்பது அட்டைகள் சேர்ந்த பிறகு அவற்றைத் தரையில் பரப்பிப் பாருங்கள். ஒரே குடிநீர்க் குழாயைப் பற்றி அவர் மூன்று ஆண்டுகளில் ஐந்து முறை கேட்டிருப்பார். ஆறாவது முறை கேட்டிருக்க மாட்டார். குழாய் வந்துவிட்டதா, அவர் சோர்ந்துவிட்டாரா, தேர்தலே வந்துவிட்டதா என்று நீங்கள் போய் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான்.

பேச்சைவிடச் சிறிய கருவிகளில்தான் தொழிலாளர் பின்னணி கொண்ட உறுப்பினர்களின் கைத்திறன் தெரிகிறது என்பது என் கருத்து. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாக விடையளிப்பார். அதன் மீது துணை வினா கேட்கலாம். எழுதிக்கொண்டு வந்த வினாவை எவரும் கேட்டுவிட முடியும். துணை வினாவுக்குத்தான் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மூடிய ஆலையில் எத்தனை பேருக்குப் பணிக்கொடை (கிராஜுட்டி) பாக்கி என்ற வினாவுக்கு அமைச்சர் ஒரு எண்ணைச் சொல்ல, அதில் பதிலித் தொழிலாளர் சேர்ந்தார்களா என்று அடுத்த நொடி எழுந்து கேட்கிறவர், அந்த வாசலில் நின்றவராகத்தான் இருப்பார். கவன ஈர்ப்பு, ஒத்திவைப்புத் தீர்மானம், தொழிலாளர் துறை மானியக் கோரிக்கையின் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் ஆகியவற்றையும் இப்படியே பாருங்கள். வெட்டுத் தீர்மானம் ஏறக்குறைய எப்போதும் தோற்றே போகும். ஆனாலும் அதன் வாசகத்தில் அவர் என்ன குறையைப் பதிவு செய்ய விரும்பினார் என்பது நிற்கும். உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு, பொதுக் கணக்குக் குழு ஆகியவற்றில் அவர் இருந்தாரா என்று பாருங்கள். குழு வேலைக்குக் கைதட்டல் இல்லை, செய்தித்தாளில் பெயரும் வராது. அங்கே ஒழுங்காகப் போய் உட்கார்ந்தவரைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியே ஆக வேண்டும்.

மொழியையும் கவனியுங்கள். 1953-இல் ஆந்திரம் பிரியும் வரை அதே அவையில் தெலுங்கு உறுப்பினர்கள் திரளாக இருந்தார்கள். 1956 வரை மலபார், தென்கன்னடப் பகுதியினரும் இருந்தனர். கோப்புகளின் மொழி ஆங்கிலம். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமே 1956 இறுதியில்தான் வந்தது. ஆங்கிலம் தெரியாத ஒருவர் அங்கே மசோதாவின் பிரிவுகளை எப்படிப் படித்தார்? சங்கத்து எழுத்தர் படித்துச் சொன்னாரா, கட்சி வழக்கறிஞர் திருத்தம் எழுதிக் கொடுத்தாரா? உதவி பெற்றார் என்று எழுதினால் அவர் சிறுத்துவிடுவார் என்று குடும்பத்தார் அஞ்சலாம். அப்படி இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். கூட்டாக வேலை செய்யப் பழகியவர் அவையிலும் கூட்டாக வேலை செய்தார் என்பதுதான் அதன் பொருள்.

சட்டங்களோடு அவரைச் சேர்த்து எழுதும்போது நாள்களில் கவனம் தேவை. கிழக்குத் தஞ்சைப் பகுதியின் விவசாயத் தொழிலாளர் தலைவர் ஒருவரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், 1952-இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி, அதன் பிறகு 1969-இல் வந்த விவசாயத் தொழிலாளர் நியாய ஊதியச் சட்டம் என்ற வரிசை உங்கள் முன் இருக்க வேண்டும். ஆனால் அவரால்தான் சட்டம் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். அவர் பேசியது என்ன, நாள் எது, சட்டத்தில் இறுதியாக நின்ற வாசகம் எது என்று அடுத்தடுத்து வைத்தால் போதும்; வாசகரே எடைபோட்டுக்கொள்வார்.

நாளிதழ்களில் கட்சி ஏடுகளும் பொது ஏடுகளும் ஒன்றையொன்று சரிபார்க்க உதவும். ஜனசக்தி, விடுதலை, முரசொலி, தீக்கதிர் ஆகியவை தம் மனிதரைப் பற்றி நிறைய எழுதும். தினமணியும் சுதேசமித்திரனும் தினத்தந்தியும் எழுதாமல் விட்டதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இருவர் இருப்பது தமிழ்நாட்டில் சர்வ சாதாரணம். முதலெழுத்து, ஊர், கட்சி மூன்றும் பொருந்தாமல் எந்தச் செய்தி நறுக்கையும் உங்கள் நாயகருடையது என்று கோப்பில் சேர்க்காதீர்கள்.

வீட்டாரிடமும் எதிர்த்தரப்பாரிடமும் பேசுவது

பேட்டியில் முதல் கேள்வியாக, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் இரங்கல் செய்தியே திரும்பி வரும். சின்னதாக, கைக்கு எட்டுவதாகக் கேளுங்கள். "அம்மா, ஐயாவை வேலைய விட்டு நிறுத்தின அந்த வருஷம் வீட்டுச் செலவ யாரு பாத்தாங்க?" என்று கேட்டபோது, அதுவரை ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, எழுந்துபோய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அடகுக் கடைச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் நாள் இருந்தது. வேலைநிறுத்தம் எத்தனை மாதம் நீடித்தது என்று சங்க ஆவணம் சொன்னதை அந்தச் சீட்டுகள் அப்படியே உறுதிப்படுத்தின. அதோடு, சங்க ஆவணம் சொல்லாத ஒன்றையும் சொல்லின: கணவர் சிறையில் இருந்தபோதும் அவர் ஒரு நகையைக்கூட மூழ்கவிடாமல் வட்டி கட்டி மீட்டிருக்கிறார். அரசியல் வாழ்வு கணவர் பெயரில் இருந்தாலும் அதன் வரவு செலவைத் தாங்கியவர் யார் என்பதை எழுதாத நூல் அரைகுறையானது.

முதியவர்களுக்கு ஆண்டு நினைவிராது, நிகழ்ச்சி நினைவிருக்கும். தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடி என்றால் 1964 டிசம்பருக்கு முன், எம்.ஜி.ஆரைச் சுட்ட சமயம் என்றால் 1967 ஜனவரி. இந்திரா காந்தி இறந்த வருஷம் என்றால் 1984. இப்படி ஒரு காலக்கோட்டை முன்னரே எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஒரே உட்காரலில் முடிக்காதீர்கள். இரண்டாம் முறை போகும்போதுதான், அன்னிக்குச் சொல்ல விட்டுப்போச்சு என்று தொடங்கும் செய்திகள் வரும்.

போட்டிச் சங்கத்தாரையும், தேர்தலில் எதிர்த்து நின்றவரின் ஆட்களையும், 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தபோது மறுபக்கம் போன பழைய தோழர்களையும் தவறாமல் பாருங்கள். பல ஆண்டுகள் பேசாமல் இருந்தவர்கள், இவர் பெயரைச் சொன்னதும் கண் கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கசப்போடு சொல்லப்பட்ட குறையை அவையின் குறிப்பே மெய்ப்பித்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் எழுத வேண்டும்.

சொத்து, தோல்வி, மௌனம்

உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளுக்குப் பிறகு வேட்பாளர் தம் சொத்து, கடன், வழக்கு, கல்வித் தகுதி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டும். அதற்குப் பின் போட்டியிட்டவர் என்றால் ஒவ்வொரு தேர்தலின் பத்திரத்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். சொத்து கூடியிருந்தால் எதனால் என்று கேளுங்கள், குறைந்திருந்தாலும் கேளுங்கள். வழக்குகள் பகுதியில் தடையை மீறிய ஊர்வலமும் சாலை மறியலும் வந்தால், அவற்றை நாளோடு போராட்டத்தோடு பொருத்துங்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர் என்றால், ஊதியத்தைக் கட்சியிடம் கொடுத்துவிட்டுக் கட்சி தரும் படியில் வாழும் வழக்கம் உண்டு. அவர் வங்கிக் கணக்கை அது தெரியாமல் படிக்க முடியாது.

தோல்விகளுக்கு வெற்றிக்குரிய அதே இடத்தைக் கொடுங்கள். முதலமைச்சராக ஒன்பது ஆண்டுகள் இருந்த, இளமையில் துணிக்கடையில் வேலை பார்த்த காமராஜரே 1967-இல் விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றார். உங்கள் நாயகர் டெபாசிட் இழந்த தேர்தலையும், கட்சி சீட்டு மறுத்த தேர்தலையும், அவர் வாக்குறுதி கொடுத்துச் செய்ய முடியாமல் போன பாலத்தையும் ஒரு வரியில் தாண்டிவிடாதீர்கள். அவர் அவையில் வாயே திறக்காத கூட்டத்தொடர் இருந்தால் அதையும் தேதியோடு குறித்து, காரணம் உடல்நலமா, கட்சிக் கட்டுப்பாடா, மனச்சோர்வா என்று உங்களுக்குக் கிடைத்த சான்று எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள்.

எழுதி முடித்த வரைவைக் குடும்பத்தாருக்கு முன் அவரோடு வேலை பார்த்த இருவருக்காவது வாசித்துக் காட்டுங்கள். தறியின் பெயரையோ ஷிப்ட் நேரத்தையோ நீங்கள் தவறாக எழுதியிருந்தால் அவர்கள்தான் உடனே நிறுத்துவார்கள். வாங்கி வந்த மினிட் புத்தகம், சீட்டுகள், ஒளிப்படங்கள் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு, எங்கிருந்து எடுத்தீர்களோ அங்கேயே கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுங்கள். குடும்பம் இசைந்தால் நகல்களின் ஒரு தொகுதியை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்திலும், இன்னொன்றை அந்தச் சங்க அலுவலகத்தின் அலமாரியிலும் வைத்துவிடுங்கள்.